உன் நம்பரைப் போடு

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அவர் சாம்பல் நிற ஸ்வெட்டரோடுதான் நடமாடுவார். அதனால் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்குப் பெயர் ஸ்வெட்டர்காரர். முதலாளியிலிருந்து லாரியில் கட்டு ஏற்றுகிறவர் வரை அப்படித்தான் சொன்னார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அவர் உட்காரும் அறை அப்படி. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் கிடையாது. ஆளுயர இரும்புச் சட்டத்தில் மூன்று சர்வர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும். அவை சூடாகிவிடக் கூடாது என்று ஏசி இரவும் பகலும் ஓடும். உள்ளே பேசுவதென்றால் கத்தவேண்டும். அவருக்குக் கத்த வராது. ஆகவே பேச்சையே குறைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் குறைத்துக் குறைத்து, வெளியே வந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் கோக்கத் தெரியாத ஆளாகிப் போனார்.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர் அல்ல. பத்தொன்பது வயதில் பசை தடவும் மேசைக்கு வந்து சேர்ந்தவர். பல வருடம் கழித்து ஒரு நாள் மாதிரிப் பெட்டியைக் காட்ட அலுவலகத்துக்குள் போனபோது, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று நாலு பேர் கன்னத்தில் கைவைத்து நின்றிருந்தார்கள். இவர் குனிந்து பார்த்து, கழன்றிருந்த ஒரு வயரை அழுத்தினார். அது எழுந்துகொண்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் முதலாளிக்கு இவர் ஒரு மருத்துவர் மாதிரித் தெரிந்துவிட்டார். அடுத்த வாரமே பசை மேசையிலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். இவரும் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் தடித்தடிப் புத்தகங்களாக வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகக் கரைத்துக் குடித்தார்.

அந்த மூன்று சர்வர்களுக்குள் இருந்ததெல்லாம் பெட்டிகள். நமக்குப் பெட்டி என்றால் பெட்டி. அவர்களுக்கு அது மடிக்காத ஒரு படம். எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, எந்த ஓரத்தில் பசை என்று கோடு கோடாக இருக்கும். செருப்புப் பெட்டி, கேக் பெட்டி, மருந்துப் புட்டி மட்டுமே நுழையும் விரல் நீளப் பெட்டி. ஒரு பொம்மைக் கம்பெனி இழுத்து மூடி ஏழு வருடமாகியும் அதன் பெட்டி மட்டும் உள்ளே மடிக்க ஆளில்லாமல் விரிந்து கிடந்தது. தினமும் மாலை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்புவார்.

கிளவுட் என்ற சொல் தொழில் நடத்துகிறவர்கள் வாயில் அப்போதுதான் புழங்கத் தொடங்கியிருந்தது. பாட்டில் மூடி செய்கிற பக்கத்துக் கம்பெனி அதற்கு மாறிவிட்டது என்று முதலாளி கேள்விப்பட்டார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மூடிக்காரன் போயிட்டான், பெட்டிக்காரன் நான் இன்னும் உக்காந்திருக்கேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு ஒரு விற்பனையாளர் வந்தார். வெள்ளைப் பலகையில் மேகம் ஒன்று வரைந்து, கம்பெனியிலிருந்து அதற்கு ஓர் அம்புக்குறி போட்டார். இனி இங்கே எந்திரம் வேண்டாம், அறை வேண்டாம், ஏசி வேண்டாம். எல்லாம் எங்கேயோ பத்திரமாக இருக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மழை பெய்தால் பெட்டி நனையுமா என்று வெட்டு இயந்திரத்துக்காரர் கேட்டார். அந்த மாதத்தில் அந்த நகைச்சுவையை விற்பனையாளர் எத்தனையாவது தடவையாகக் கேட்டாரோ, முகம் சுளிக்காமல் சிரித்து வைத்தார்.

அந்தப் படத்தில் ஆளே இல்லை என்பதை ஸ்வெட்டர்காரர் கவனித்தார்.

மாற்றுகிற வேலை அவர் தலையிலேயே விழுந்தது. முதலில் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக அவர் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி எண் கேட்கும் கட்டம் வந்தது. யாராவது உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டு மட்டும் போதாது, அந்தக் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதையும் போட்டால்தான் திறக்கும் என்று விளக்கி, முதலாளியின் எண்ணைக் கேட்டார்.

"என் நம்பர் வேணாம்பா. அப்புறம் ஊர்ல இருக்கிற விளம்பரம் பூரா எனக்குத்தான் வரும். உன் நம்பரைப் போடு. நீ எங்க போயிடப் போற?"

அவர் தன் எண்ணைப் போட்டார். முதலாளி அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு கம்பெனிக்கு எதற்கு ஏழு சாவி என்றார் முதலாளி. ஆகவே படம் வரைகிறவர்கள், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு, முதலாளி எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. சரி, அப்படியானால் ஒரு விதியாவது இருக்கட்டும் என்று ஸ்வெட்டர்காரர் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒட்டினார். நாற்காலியை விட்டு எழுந்தால் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி. அவர் போட்ட எந்த விதியையும் அந்தக் கம்பெனியில் யாரும் மதித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் ஏனோ எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்டர்நெட் இணைப்பு மெதுவாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடத்துப் பெட்டிகள் ஏறி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவர் ஒவ்வொரு படத்தையும் இங்கே ஒரு தடவை அங்கே ஒரு தடவை திறந்து ஒப்பிட்டார். ஒரு மடிப்புக்கோடுகூட விடுபடவில்லை. பொம்மைப் பெட்டியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இருபதாம் நாள் மூன்று சர்வர்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார். இரைச்சல் நின்றது. அந்த அறையில் தன் மூச்சுச் சத்தத்தை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டியவன் கதைதான். ஆனால் இவர் வெட்டியது பிசிறில்லாத வெட்டு. இரண்டு மாதம் பொறுத்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். நீ செய்துவைத்த வேலை அவ்வளவு சுத்தம், ஒரு நாள்கூடப் பழுது வரவில்லை, இனி உன்னை உட்காரவைத்து என்ன செய்யச் சொல்வது என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். பசை மேசைக்குத் திரும்பலாமா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. நாற்பத்தேழு வயது. வெளியே வந்து, அறையிலிருந்த தன் டம்ளரை எடுத்துக்கொண்டார். உள்ளே அதற்குள் பசை டின்களை அடுக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு வீட்டில் அவர் கைப்பேசி துடித்தது. ஆறு எண்கள். உடனே மணி அடித்தது. டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் பெண். லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள், அவரை அந்தக் கம்பெனியில் அண்ணா என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அண்ணா, நம்பர் வந்துச்சா?"

வாசித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். பதினொன்றுக்குப் படம் வரைகிறவர்கள் கேட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அவள். யார் எழுந்தாலும் வெளியே வரவேண்டும் என்பது அவரே ஒட்டிய தாள். ஆகவே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை.

அவருடைய நாள் அந்த எண்களால் ஆனது. குளிக்கப் போனால் கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு சோப்பு வைக்கும் இடத்தில் வைத்தார். கடைக்குப் போனால் சிக்னல் இருக்கிற பக்கமாகவே நடந்தார். சட்டையில்லாமல் இருந்தால், போட்டுக்கொண்டுதான் எண்ணை வாசிப்பார். மணி பார்க்காமலே கம்பெனி அவருக்குத் தெரிந்தது. இது லாரி வந்த நேரம், இது படக்காரர் டீ குடித்துத் திரும்பிய நேரம், இது முதலாளி மத்தியானத் தூக்கம் கலைந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை எதுவும் வராது. அன்றைக்கு அவருக்கு வீடு பெரிதாகிவிடும்.

துணிக்கடையில் ஓரம் தைக்கிற வேலை பார்த்த அவர் மனைவி இதையெல்லாம் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"சம்பளமில்லாத சேவகம்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் பாக்குறேன். ஒரு நாள் மாட்டேன்னு சொல்லுங்க. குடுமி உங்க கையில இருக்கு."

"அவங்க வேலை நின்னு போயிடும்."

"உங்க வேலை நின்னுச்சே, யாரு ஓடி வந்தா?"

கணக்கில் என் எண்ணை மாற்றுங்கள் என்று அவரும் கேட்காமலில்லை. அப்படிக் கேட்டபோது டெஸ்பாட்ச் பெண், நாங்களே மாற்ற முடியுமா என்று விசாரித்தாள். முடியும். உள்ளே நுழைந்து அமைப்புப் பக்கத்தில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் போட்டால் போதும். குழந்தைகூடச் செய்யும். ஆனால் அவர் வாயில் வேறொன்று வந்தது. "அது கொஞ்சம் சிக்கல்மா. தப்பாப் போனா எல்லாமே பூட்டிக்கும். நான் நேர்ல வந்தாத்தான் முடியும்."

வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. முதலாளி அடுத்த வாரம் வரச் சொல்லு என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவரும் நினைவூட்டவில்லை.

மச்சான்தான் புது வேலை ஒன்றைக் கொண்டுவந்தார். மனைவியின் அண்ணன், வேன் ஓட்டுகிறவர். ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம் ஒன்றுக்குச் சாமான் இறக்கப் போனபோது, உள்ளே ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்திருந்தார். "நூறு கம்பெனியோட கம்ப்யூட்டர் எல்லாம் அங்கதான் இருக்காம் மாப்ள. நீங்க பாத்த வேலைதான். ஒண்ணுக்கு நூறா." விற்பனையாளர் வரைந்த மேகம் தரையில் இறங்கி, சுற்றிலும் கம்பிவேலி போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் நின்றிருந்தது.

நேர்முகத் தேர்வில் மேற்பார்வையாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் சரியாகப் பதில் சொன்னார். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, வார்த்தையை வீணாக்காதவர். அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஒரு வாரம் பார்ப்போம், பிறகு நிரந்தரம் என்றார். கடைசியில் விதிகளைச் சொன்னார். கைப்பேசி உள்ளே வரக் கூடாது, வாசலில் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்தும்தான் எடுக்கலாம்.

அவர் தலையசைத்தார். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு அவர் கழுத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை டெஸ்பாட்ச் பெண் எண் கேட்டபோது சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வேறு வேலை, பகலில் கைப்பேசி என் கையில் இருக்காது. அவள் சந்தோஷப்பட்டாள். நல்லா இருங்கண்ணா, இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள்? அமைப்புப் பக்கத்தை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அன்றைக்குச் சிக்கல் என்று சொன்னது என்னவாகும்? சனிக்கிழமை காலையில் மூன்று தடவை எண் வந்தது. மத்தியானத்துக்கு மேல் வரவில்லை. அரை நாள் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மனைவி அவருக்கு முன்னால் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். வாசல் வரை வந்து நின்றாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்து நின்றதில்லை.

கட்டடத்துக்குள் கறுப்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. நடக்கும்போது தரையிலிருந்த துளைகள் வழியே குளிர் காலில் ஏறியது. அவருக்குத் துணையாக ஒருவரைச் சேர்த்தார்கள். இருவர் இருந்தால்தான் ஓர் அலமாரியைத் திறக்கலாம், திறந்தது மூடும்வரை இருவரும் அதை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே விதி. நல்ல விதி என்று அவருக்குத் தோன்றியது. தானே எழுதியிருக்க வேண்டியது.

ஒன்பது பத்து ஆயிற்று. இந்நேரம் அவள் பாஸ்வேர்டைப் போட்டிருப்பாள். எண் பெட்டகத்துக்குள் வந்து விழுந்திருக்கும். லாரி வெளியே உறுமிக்கொண்டு நிற்கும். எந்தப் பெட்டி எங்கே போகவேண்டும் என்ற சீட்டு எல்லாம் உள்ளே. முதலாளி மேலிருந்து கத்துவார். அவள் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பாள். எல்லாம் ஒரு பொய்யால். ஐந்து நிமிட வேலையை நான் பூட்டி வைத்ததால்.

கழிவறைக்கு என்று சொல்லி வாசலுக்கு வந்தார். ஒரு நிமிடம் என்று கெஞ்சியதில் காவலாளி பெட்டகத்தைத் திறந்துவிட்டார். கைப்பேசியில் ஒன்றுமில்லை. இரும்புக்குள் சிக்னல் ஏறாது என்று நினைத்து, வெளியே வந்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் ஒன்றுமில்லை. அவர்கள் இன்னும் தொடங்கவில்லை போலும். உள்ளே போனார். பத்தே காலுக்கு மறுபடி வந்தார். பதினொன்றுக்கு மறுபடி. ஒவ்வொரு தடவையும் கதவு அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தடவி ஒரு சின்ன ஒலி எழுப்பியது. பதினொன்றே முக்காலுக்கு ஓர் அலமாரி திறந்திருந்தது. துணையாள் உள்ளே கையை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதோ வந்துவிட்டேன் என்று ஸ்வெட்டர்காரர் நடந்தார். திரும்பி வரும்போது அலமாரி மூடியிருந்தது. பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றார்.

தனியே அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். குரல் கடுமையாக இல்லை.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாவே அதை எதிர்பார்த்து, தட்டில் வைத்து நீட்டிய மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு பொய்யைச் சுமப்பதற்கே அவருக்குக் கால் தள்ளாடிக்கொண்டிருந்தது. பழைய கம்பெனி, தன் எண், ஆறு இலக்கம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒரே மூச்சில் அத்தனை பேசியது அவருக்கே புதிது.

"அப்ப நீங்க இன்னும் அங்கதான் வேலை பாக்குறீங்க" என்றார் மேற்பார்வையாளர். "நூறு கம்பெனி எங்களை நம்பி இங்க வச்சிருக்கு. இன்னொரு கம்பெனிக்கு உள்ள போற எண்ணைக் கையில வச்சிருக்கிற ஆளை நான் எப்படி வச்சுக்க முடியும், சொல்லுங்க."

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தார். மணி ஒன்று. வெறுமையாக இருந்தது. பயமாகிவிட்டது. அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, நம்பரே வரலையே. வேலை நின்னு போச்சா?"

"ஐயோ, இல்லண்ணா. நான்தான் சனிக்கிழமையே மாத்திட்டேனே." அவள் குரலில் உற்சாகம் தெறித்தது. "நீங்க சிக்கல்னு சொன்னீங்களா, எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. எதுக்கும் பாப்போம்னு ஒவ்வொண்ணா அமுக்கிட்டே போனேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. இப்ப என் நம்பர். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

"சரிம்மா."

"காலையிலயே சொல்லணும்னு நெனச்சேன். மொத நாள் அதுவுமா உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் கூப்பிடல. வேலை எப்படியிருக்கு?"

"நல்ல இடம்மா" என்றார். அது பொய் இல்லை.

நேரே வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாக வரும் பஸ்ஸில் இரண்டை விட்டார். மூன்றாவதில் பின்னால் நின்றுகொண்டே வந்தார், இடம் காலியாக இருந்தும். வீட்டுக் கதவைத் தள்ளும்போது மணி ஆறு. மனைவி அவருக்கு முன்பே வந்திருந்தாள். கடையில் கேட்டுக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டாளாம். அடுப்பில் ஏதோ கொதித்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேள்வி வந்தது.

"இன்னைக்கு எத்தன தடவ கூப்பிட்டாங்க?"

"ஒரு தடவகூட இல்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நாலு மாதமாக அந்த முகத்தில் இருந்த இறுக்கம் அவர் கண்ணெதிரே தளர்ந்தது. அப்பாடா, விட்டதடா சனியன் என்றாள். இனி நிம்மதியாக உங்கள் வேலையைப் பாருங்கள், அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அவர் காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பேச்சோடு பேச்சாகத் தட்டை எடுத்துக் கழுவினாள்.

"நாளைக்கும் அதே பஸ்தான? அஞ்சரைக்கு எழுப்பினாப் போதுமா?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காரு, சொல்றேன்."

அவள் தட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவர் முகத்தையே பார்த்தாள். உட்காரவில்லை.